கூடு கட்டும் மாதம்

கடைக்காரர் நான்காவது புடவையையும் உதறி மேஜைமேல் விரித்தார்.

“இதப் பாருங்க. கோடிக்குன்னு வர்றவிய நெறையப் பேரு இதத்தான் எடுக்கறாங்க.”

பச்சைக் கரை போட்ட அரக்குப் புடவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. பொங்கியண்ணன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

“அவியளுக்கு என்ன கலருங்க புடிக்கும்? சொன்னீங்கன்னா எடுத்துப் போட்டர்றன்.”

பக்கத்தில் நின்ற வசந்தாமணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கச்சிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? தானே ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தாள்.

“கத்திரிப்பூ ஊதா,” என்றார் பொங்கியண்ணன். “இல்லாட்டி நல்ல கெட்டி மஞ்சள். கிளிப்பச்சையில ரெண்டு வச்சிருக்கறா. அரக்கு கட்டமாட்டா.”

கடைக்காரர் ஊதாவை எடுத்துப் போட்டார். பொங்கியண்ணன் அதையே கட்டச் சொல்லிவிட்டு வெளியே போய் ஆம்னி வேனின் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

எப்படித் தெரியும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. புங்கம்பாளையத்தில் அவருடைய மேட்டுக்காட்டு மோட்டார் ரூமிலிருந்து பார்த்தால் குளம் முழுவதும் தெரியும். குளத்துக்கு நடுவே கருவேல மரங்கள், அவற்றில் ஈ மொய்த்த மாதிரி பறவைகள். மரங்களின் தலைக்கு மேலே, அக்கரையில், ஓடக்காட்டுப்புதூரின் கடைசி வீட்டு மொட்டை மாடி. காலையில் மோட்டார் போட வரும்போது அந்த மாடிக் கொடியில் ஒரு புடவை தொங்கும். அவ்வளவு தூரத்திலிருந்து பூப்போட்டதா கட்டம் போட்டதா என்று தெரியாது. காயப்போடுகிற ஆளின் முகமும் தெரியாது. நிறம் மட்டும் தெரியும். ஊதாவைப் பார்த்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு கொஞ்சம் இறங்கும். காரணம் அவருக்கே தெரியாது.

மார்கழி முழுக்க அந்தக் கொடியில் புடவையே இல்லை. வெள்ளைத் துண்டும் லுங்கியும் மட்டும் கிடந்தன. கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தை பிறந்தும் புடவை வராதபோது அவருக்குக் கோபம்கூட வந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் போய் இத்தனை நாள் உட்கார்ந்துகொள்வார்களா, அறிவு வேண்டாமா என்று மோட்டார் ரூமில் நின்று தனியாகத் திட்டினார்.

இன்றைக்குக் காலையில் வசந்தாமணியின் செல்போனில்தான் தகவல் வந்தது. அவள் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அவரிடம் நீட்டினாள்.

“மாமா, நான் லோகு பேசறனுங்க. லோகப்பிரியா.” தங்கச்சி மகளின் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியாகக் கேட்டபோது அவள் கல்யாணப் பெண். “அம்மா வெடியக்காலம் போயிட்டாங்க மாமா. ஈரல்ல கட்டிங்க. கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில முடியாதுன்னுட்டாங்க. ஊட்டுக்குக் கூட்டியாந்து எட்டொம்பது நாளாச்சு.”

“எங்கிட்ட ஏஞ் சொல்லலே?” என்று கேட்டார். அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆம்னி பெருந்துறை ரோட்டைப் பிடித்தது. குளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேராகப் போனால் கூப்பிடு தூரம். ரோட்டில் போனால் தேசாந்திரம். வசந்தாமணி மடியில் கோடித்துணியையும் மாலையையும் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள்.

தங்கச்சி செல்லாத்தாளுக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் கொடுமுடியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. அந்தியூரிலிருந்து ஒன்று வந்தது, தோட்டம் துரவு எல்லாம் இருந்த இடம். அவள் இரண்டுக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “அக்கரையிலேயே குடுங்க. அண்ணன் கூப்பிட்டாக் காதுல உழுகோணும்,” என்றாள். அப்படித்தான் நாச்சிமுத்துவுக்குக் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நின்று குளம் வற்றினால் நடுவில் தடம் விழும். தூக்குப்போசியில் எதையாவது போட்டுக்கொண்டு அவள் அந்தத் தடத்திலேயே நடந்து வந்துவிடுவாள். கால் முழுக்க வெடித்த சேறு. வாசலில் நின்று, “ண்ணா, தண்ணி ஊத்துங்க,” என்பாள். அவர் சொம்பில் மொண்டு ஊற்றுவார். தண்ணீர் நிறைந்த மாதங்களில் அக்கரையில் நின்று கூவுவாள். இவர் இக்கரையில் நின்று கூவுவார். சேதி ஒன்றும் இருக்காது. இருக்கிறாயா, இருக்கிறேன், அவ்வளவுதான்.

பிறகு குளம் சரணாலயம் ஆயிற்று. வனத்துறையார் கம்பி வேலி போட்டார்கள். தடம் அடைபட்டது. ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்னாலும் இரண்டு கரையிலும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிற வழக்கம் கிடையாது. வெடிக்க ஆசைப்படுகிற குழந்தைகளை அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தை, மாசியில் கூட்டில் குஞ்சு இருக்கும்போது சாவுக்குக்கூடத் தப்பட்டை அடிக்கமாட்டார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, இருந்து வந்தது.

லோகப்பிரியாவின் கல்யாணம் நடந்ததும் ஒரு தை மாதத்தில்தான். வீட்டு வாசலிலேயே பந்தல். மாப்பிள்ளை வீட்டார் கோயமுத்தூர்க்காரர்கள், மில் வைத்திருந்தவர்கள். மாப்பிள்ளை கார் வந்து நின்றதும் அவர்கள் ஆட்கள் பத்தாயிரம் வாலாவை ரோட்டோடு நீளமாக விரித்துப் பற்ற வைத்துவிட்டார்கள். பொங்கியண்ணன் அப்போது மாமன் சீர்த்தட்டோடு மணவறையில் உட்கார்ந்திருந்தார். சத்தம் ஓய்வதற்குள் குளத்து மேல் வானமே மறைந்துபோயிற்று. கூழைக்கடா, நாரை, நீர்க்காக்கை எல்லாம் ஒன்றாக எழும்பி வட்டம் போட்டன, இறங்கவே இல்லை. தாய்ப்பறவை இறங்காத கூடுகளுக்கு மேலே காக்காயும் பருந்தும் வந்தன. பந்தலில் உட்கார்ந்தபடியே அதைப் பார்க்க முடிந்தது.

“நீங்க ஒரு வார்த்த சொல்லித் தடுக்க முடியலீங்களா?” என்று அவர் நாச்சிமுத்துவைக் கேட்டார். சம்பந்தி வீட்டார் முன்னால், சத்தமாக.

நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்தது. “பொண்ணு கண்ணாலத்தன்னிக்கு எனக்குக் கொக்குதான் முக்கியமுங்களா?”

பொங்கியண்ணன் தட்டைக் கீழே வைத்தார். எழுந்தார். செல்லாத்தாள் பட்டுப்புடவையோடு வாசல்வரை பின்னாலேயே ஓடி வந்தாள். “ண்ணா, எந்திரிச்சுப் போவாதீங்க. ண்ணா, உங்களக் கும்பிட்டுக்கறன், எந்திரிச்சுப் போவாதீங்க.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாய்மாமன் இல்லாமலே தாலி கட்டு நடந்தது.

அன்று சாயங்காலமே அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அவர்கள் கூப்பிடட்டும் என்று இருந்தார். அவர்கள், முறைக்காரர் அவர்தானே வர வேண்டும் என்று இருந்திருப்பார்கள். ஒரு தீபாவளி போயிற்று, ஒரு பொங்கல் போயிற்று. அப்புறம் இருந்த இருப்பே பழகிவிட்டது.

ஓடக்காட்டுப்புதூர் திருப்பத்தில் வேன் வேகம் குறைந்தது. ‘பறவைகள் சரணாலயம். ஒலி எழுப்பாதீர்’ என்ற பலகை. வாசலில் சாமியானா. பிளாஸ்டிக் சேர்களில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இறங்கியதும் பேச்சு அடங்கிற்று. யார் என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் காதோடு சொன்னார்கள்.

நாச்சிமுத்து பந்தல் காலுக்குப் பக்கத்தில் இருந்தார். தலை முழுக்க நரைத்து, தோள் சுருங்கி, வேறு யாரோ மாதிரி இருந்தார். பொங்கியண்ணன் அவர் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார். ஒரு நொடி நாச்சிமுத்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் கைகளால் பற்றிக்கொண்டார்.

“வாங்க மச்சான்,” என்றார். கையை உடனே விடவில்லை.

உள்ளே கூடத்தில் செல்லாத்தாளைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம், தலை நிறையப் பூ. கன்னம் ஒட்டி, மூக்கு கூராகி, அம்மாவின் முகம் வந்துவிட்டிருந்தது. பொங்கியண்ணன் காலடியில் நின்றார். இவ்வளவு பக்கத்தில் பார்க்க இத்தனை வருஷம் ஆயிற்றே என்று தோன்றியது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. வசந்தாமணி தலைமாட்டில் விழுந்து ஓலமிட்டாள். பெண்கள் எல்லாம் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

குளிப்பாட்டிப் பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்துகிற நேரத்தில் ஆண்களை வெளியே போகச் சொன்னார்கள். அவர் கொல்லைப்புறம் போய் நின்றார். வேலிக்கு அப்பால் குளம் ததும்பிக் கிடந்தது. இங்கிருந்து பார்க்கக் கருவேல மரங்கள் எவ்வளவு பெரிதாக இருக்கின்றன! ஒரு கிளையில் நாரைக் குஞ்சுகள் மூன்று கழுத்தை நீட்டிக்கொண்டு தாயின் அலகை இடித்தன. குஞ்சுகளின் இரைச்சல் சந்தைக் கடை மாதிரி இருந்தது. மேட்டுக்காட்டில் அவருக்கு இந்தச் சத்தமெல்லாம் கேட்டதே இல்லை.

லோகப்பிரியா வந்து பக்கத்தில் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. காது ஓரம் அவளுக்கும் நரை தட்டியிருந்தது.

“மாமா, காபித் தண்ணி ஏதாச்சும் குடிக்கறீங்களா?”

“வேண்டாங் கண்ணு.” குளத்தைப் பார்த்தபடியே கேட்டார். “ஏன் அம்மணி எனக்கு ஒரு வார்த்த சொல்லலே? நான் அத்தன கல்நெஞ்சுக்காரனா?”

“அம்மாதான் மாமா வேண்டான்னாங்க. நான் போனக் கையில எடுத்தாலே புடுங்கிருவாங்க. நோவுன்னு கேட்டு வந்தா அண்ணன் பாவம் பாத்து வந்ததா ஆயிருமாம். தண்ணி வத்தட்டும், வெயக்காலத்துல நானே நடந்து போறன்னாங்க. வேலியிருக்குதேம்மான்னேன். பாரஸ்ட்காரங்ககிட்டக் கேட்டா ஒரு நாளைக்கு உடமாட்டாங்களா, எங்கண்ணன் ஊட்டுக்குத்தான போறன்னாங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு சித்திரை எப்பப் பொறக்கும், சித்திரை எப்பப் பொறக்கும்னு கேட்டுட்டே இருந்தாங்க மாமா.”

பொங்கியண்ணன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“உன்ற கண்ணாலத்துல நான்…” என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் எதுக்குங் மாமா இப்ப,” என்றாள். “உள்ள வாங்க. எடுக்கற நேரமாச்சு.”

பாடை கட்டி முடித்திருந்தார்கள். கத்திரிப்பூ ஊதா அவளை மார்புவரை மூடியிருந்தது. நாவிதர் தீச்சட்டியை ஊதிக்கொண்டிருந்தார். ஆண்கள் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். எல்லாம் மெதுவான குரலில், கை ஜாடையில் நடந்தது. யாரோ செருப்பைத் தேய்க்கிற சத்தம்கூடக் கேட்டது.

அந்த அமைதி பொங்கியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அப்பா செத்தது ஆடி மாதம். குளம் காய்ந்து கிடந்தது, பறவை ஒன்று இல்லை. நாலு ஜதை தப்பட்டை, கொம்பு, ஊரே அதிர்ந்தது. இவள் என்ன, யாருமில்லாதவள் மாதிரி ஓசைப்படாமல் போவதா? பந்தலுக்கு வெளியே அவர் தேடிப் பார்த்தார். தப்பட்டைக்காரர்கள் யாரும் வந்திருக்கவில்லை.

“மாப்ள,” என்றார். “மேளத்துக்குச் சொல்லலீங்களா?”

எல்லாரும் திரும்பினார்கள்.

“இந்த மாசத்துல அடிக்கறதில்லீங்களே மச்சான்,” என்றார் நாச்சிமுத்து.

“தெரியுமுங்க. எனக்குத் தெரியாதுங்களா? ஒரே ஒரு தப்பட்டை. ஊரெல்லை தாண்டறவரைக்கும். எம்பட தங்கச்சிங்க அவ.” குரல் அவர் பிடியில் இல்லை. “பொறந்தவன் நான் சொல்றன். ஆளுக்குச் சொல்லியுடுங்க. பாரஸ்ட்காரங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கறன். இவ சத்தமில்லாமப் போகக்கூடாதுங்க. அடிச்சுத்தான் கொண்டுபோகோணும்.”

கல்யாணப் பந்தலில் அவரைப் பார்த்தவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், “இதச் சொல்றது பொங்கியண்ணனா?” என்று முணுமுணுத்ததைப் பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

நாச்சிமுத்து எழுந்து வந்தார். பொங்கியண்ணனின் கையைப் பிடித்துப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலை உயர்த்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

“ஊரு வழக்கம்கறது கெடக்கட்டும் மச்சான். நானே ஆளுக்குச் சொல்லோணும்னுதான் இருந்தேன். சுமங்கலியாப் போறா, ஒரு மரியாதை வேண்டாமான்னு. அவகிட்டயே கேட்டன். முந்தாநேத்து நெனப்போட இருந்தா. வேண்டவே வேண்டாம்னுட்டா.”

“எதுக்குங்க?”

நாச்சிமுத்து அவர் முகத்தைப் பார்க்காமல், பாடைமேல் கிடந்த மாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“‘கோடி எடுத்துட்டு எங்கண்ணன் வருவாரு. சத்தங் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு’ன்னா.”

பொங்கியண்ணன் அப்படியே நின்றார். தோளில் கிடந்த துண்டு நழுவி விழுந்ததை நாச்சிமுத்துதான் குனிந்து எடுத்து மறுபடி தோளில் போட்டார்.

பொங்கியண்ணன் பாடையருகே போனார். முன்பக்க மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். வயசாச்சு வேண்டாமுங்க என்று யாரோ சொன்னபோதும் அவர் நகரவில்லை. பின்பக்கம் நாச்சிமுத்துவின் தம்பி பிடித்தார். ஊர்வலம் குளத்துக்கரையோடு போயிற்று. மேளமில்லை, வெடியில்லை, சங்குகூட ஊதவில்லை. காலடிச் சத்தமும் தீச்சட்டியின் படபடப்பும் மட்டும். வலது பக்கத்தில் மரத்துக்கு மரம் குஞ்சுகள் கத்திக்கொண்டே வந்தன. பெரிய கூழைக்கடா ஒன்று இரண்டு ஆள் உயரத்தில் அவர்கள் தலைக்கு மேல் மெல்லச் சிறகடித்துப் போய்த் தன் கூட்டில் இறங்கிற்று. ஆட்கள் இத்தனை பேர் நடந்தும் ஒரு பறவைகூடக் கிளையை விட்டு எழவில்லை.

மயானத்தில் நாச்சிமுத்து கொள்ளி வைத்தார். புகை காற்றில்லாமல் நேராக எழும்பிற்று. வாய்க்காலில் தலை முழுகிவிட்டு ஆட்கள் பிரிந்தார்கள்.

வெயில் தாழ்ந்தபோது வீட்டில் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். கூடத்தைக் கழுவி விளக்கு வைத்திருந்தார்கள். லோகப்பிரியா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பொங்கியண்ணன் ஈர வேட்டியோடு பந்தலடியில் ஒரு சேரை இழுத்து, குளத்தைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்து, போட்டதையெல்லாம் தின்றார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாமியானாக்காரர் வண்டியோடு வந்தார். கயிறுகளை அவிழ்த்துத் துணியைச் சுருட்டினார். சேர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏற்றினார். எல்லாம் ஏற்றியான பிறகு பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்த சேருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கேட்கத் தயங்கி ஒரு தரம் இருமினார்.

வசந்தாமணி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். “ஏனுங்க, பொழுதாச்சு. சுத்திப் போகோணும். போலாமுங்களா?”

அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. குளத்தில் கொக்குகள் கூட்டம் கூட்டமாக வந்து அடைந்துகொண்டிருந்தன.

வாசற்படியில் இருந்த நாச்சிமுத்து சாமியானாக்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார்.

“அது ஒண்ணு கெடக்கட்டும் உடுப்பா. நாளைக்கு வந்து எடுத்துக்க.”

சாமியானாக்காரர் மற்ற சேர்களைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். வண்டி ஹாரன் அடிக்காமல் கரையோடு மெதுவாகப் போயிற்று.